புத்துக் காளானும் பச்சைப் பொடியும்

போன வருசம் ஐப்பசில நாங்க பட்ட பாட்ட மொதல்ல சொன்னாத்தான் இந்த வருசம் ஒரு காளான் பொரியலுக்கு நான் ஏன் இத்தன கூத்து அடிச்சேன்னு புரியும்.

எங்க ஊரு களக்காடு பக்கம். நாலு நாள் அடைமழை ஊத்தி ஒருநா வெறிச்சா வாழைத்தோட்டத்து வரப்புல, புத்து ஓரத்துல காளான் மொளைக்கும். அன்னைக்கு நானும் அண்ணனும் மாடு மேயுத புல்தரையில அப்பளம் சைஸ்ல வெள்ளையா விரிஞ்சி நின்னத கடவாப்பெட்டி நெறைய பறிச்சிட்டு வந்துட்டோம். மைனி பாத்துட்டு "இது நம்ம காளான் மாதிரி இல்லையே"ன்னாவ. நாங்கதான் வீடியோ பாத்துப் படிச்ச அறிவாளிகளாச்சே, மஞ்சப்பொடியும் பூடும் போட்டு வேக வச்சிப் பாத்தோம், கலர் மாறல, அப்ப வெசம் இல்லன்னு நாங்களே தீர்ப்பு சொல்லி சின்ன உள்ளி, நல்லமொளவு எல்லாம் தட்டிப்போட்டு வதக்கித் தின்னாச்சு. ருசி என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு, அதச் சொல்லணும்.

ரெண்டு மணி நேரங்கூட ஆகல. மொத அண்ணன், அடுத்து நான், வாந்தியும் வயித்தால போக்கும், நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரில டாக்டர் கேட்ட மொத கேள்வியே "சாப்பிட்டு எத்தன மணி நேரத்துல வாந்தி ஆரம்பிச்சுது?" இது எதுக்கு கேக்காருன்னு அப்ப வெளங்கல. சீக்கிரமே பொரட்டி எடுக்குறது பெரும்பாலும் வயித்தோட போயிருமாம். ஆறு மணி நேரத்துக்கு மேல சத்தமில்லாம இருந்துட்டு அப்புறம் ஆரம்பிச்சாத்தான் பயமாம், அமானிட்டான்னு ஆளையே கொல்லுத காளான் வகை இருக்காம், அதோட வெசம் அப்படித்தான் வரும், நடுவுல ஒருநா நல்லாயிட்ட மாதிரி தெரியும், ஆனா உள்ள ஈரல் கெட்டுக்கிட்டு இருக்கும். வேக வச்சாலும் அந்த வெசம் போகாது. அடுத்த கேள்வி "சமைக்காத காளான் மிச்சம் இருக்கா?" எங்க இருக்கும், மைனி கோவத்துல பெட்டியோட சாணிக்குழியில கவுத்திட்டாவ. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தி வீட்டுக்கு அனுப்புனாங்க.

இந்த வருசம் மழை விட்டதும் ஆச்சி பின்னாடியே போனேன். எங்க தோட்டத்து புத்து வரைக்குந்தான், காட்டுக்குள்ள போக விடமாட்டாங்க, அது புலிகள் காப்பகம். நான் வழக்கம்போல குடையப் புடிச்சி இழுக்கப் போனேன், "ஏல, பறிக்காத, தோண்டு"ன்னு ஒரு சத்தம். பண்ணருவா முனையால மண்ண பைய தள்ளுனா, தண்டு முடியுத எடத்துல முடியவே இல்ல, வேரு மாதிரி மெலிஞ்சி உள்ள எறங்கிக்கிட்டே போச்சு, ஒரு சாணுக்கு மேல. கறையான் புத்துக்குள்ள வளக்குத பூஞ்சைல இருந்துதான் இது கெளம்பி வருது, டெர்மிட்டோமைசெஸ்னு பேரு. குடை உச்சில மொட்டு மாதிரி ஒரு கூர் இருந்துச்சு, தண்டுல வளையம் இல்ல, அடில கிண்ணம் மாதிரி உறையும் இல்ல. அமானிட்டாவுக்கு அந்தக் கிண்ணம் மண்ணுக்குள்ளதான் இருக்கும், மேலோட கிள்ளிட்டு வந்தா தெரியவே தெரியாது. நான் போன வருசம் கிள்ளிட்டுத்தான் வந்தேன்.

ஆச்சி சொன்னதுல ஒண்ண மட்டும் நான் எடுத்துக்கல. "பூச்சி அரிச்சிருந்தா நாமளும் திங்கலாம்"னா. பூச்சியும் நத்தையும் வெசக் காளானையும் சவுரியமா திங்கும்.

வீட்டுக்கு வந்து அடுத்த வேலை, காளான் குடைக்கு அடில இருந்து உதிருத வித்துப் பொடி என்ன கலர்னு பாக்குறது. கல்யாணப் பத்திரிகை ஒண்ணோட வெள்ளப் பக்கத்துல பாதிக்கு கறுப்பு சார்ட் ஒட்டி, தண்ட வெட்டிட்டு குடைய மட்டும் அடிப்பக்கத்து மடிப்பு, அதான் செவுள், கீழ பாக்க வச்சி, மேல எவர்சில்வர் டம்ளர கவுத்தி ராத்திரி பூரா விட்டேன். இன்னொரு பத்திரிகைல, அதே புல்தரைக்குப் போயி எடுத்துட்டு வந்த பழைய எதிரி. ஆச்சி பாத்துட்டு "காளானுக்கு சாதகமா பாக்குத?"ன்னு சிரிச்சா. காலைல டம்ளர எடுத்தா, புத்துக் காளானுக்கு கீழ வெளிறுன ரோஸ்ல கோடு கோடா பொடி, கறுப்புப் பக்கத்துல நல்லாத் தெரிஞ்சுது. புல்தரைக் காளானுக்கு கீழ மங்குன பச்சை, காஞ்ச பாசி மாதிரி. இதுதான் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். இளசுல இதுக்கும் செவுள் வெள்ளையாத்தான் இருக்கும், முத்துனாத்தான் பச்சை ஏறும், அதான் கண்ண மட்டும் நம்பி மாட்டுனோம். தண்டுல வளையமும் இருந்துச்சு, தள்ளுனா மேலயும் கீழயும் நகருது.

பொடி ரோசா இருந்தா மட்டும் போதாது, வேற வெசக் காளானுக்கும் ரோஸ் பொடி உண்டு. வேரு, புத்து, கூர், பொடி எல்லாம் ஒத்து வந்து, ஆச்சியும் சரின்னு சொன்ன பெறவுதான் மறுநா புதுசா தோண்டுனத அடுப்புல ஏத்துனோம். மொத நாள் நான் மட்டும் ரெண்டு வாய். மறுநாள்தான் மத்தவங்களுக்கு. அண்ணன் தொடவே இல்ல, முட்டை வாங்கிட்டு வந்து தனியா பொரிச்சித் தின்னான்.

டாக்டர் கேட்டது மனசுலயே இருந்ததால சமைக்காத காளான் ரெண்ட பேப்பர்ல சுத்தி, டப்பால போட்டு, தேதி எழுதி ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தேன். மூணாம் நாள் பாத்தா டப்பாவ கழுவி கவுத்தி வச்சிருக்கு. "ரெண்டே ரெண்டு கெடந்துச்சுல, ரசத்துல போட்டுட்டேன்"னா எங்க அம்மா.