பாஸ்த்ரூ பிராக்டிகல்: கார்டுக்கு முன்னால் குரூப்பைப் பாருங்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, பழைய அசெம்பிள்டு பிசியில் விர்ச்சுவல் மெஷின் பிராக்டிகலுக்குப் பழகுகிறவர்களுக்கு இது. பாஸ்த்ரூ என்றால், பிசியில் உள்ள ஒரு கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கு (விஎம்) நேரடியாகக் கொடுத்துவிடுவது. கிராபிக்ஸ் கார்டில் ஆரம்பிக்காதீர்கள். இருப்பது ஒரே கார்டு என்றால், அதை விஎம்முக்குக் கொடுத்ததும் ஹோஸ்டின் (விஎம்மை ஓட்டும் உங்கள் பிசியின்) திரை கறுத்துவிடும். உபரியாக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் நெட்வொர்க் கார்டு இருந்தால் போதும்.

பயாஸில் விடி-எக்ஸை மட்டும் ஆன் செய்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். அது பிராசசருக்கு. டிவைஸைக் கொடுக்க விடி-டி வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் ஐஓஎம்எம்யூ என்று இருக்கும்; டிவைஸ்கள் மெமரியில் எங்கே எழுதலாம் என்று காவல் காப்பது அதுதான். இன்டெல் என்றால் கெர்னல் வரியிலும் (லினக்ஸ் பூட் ஆகும்போது கெர்னலுக்குப் போகும் ஆப்ஷன்கள்) ஐஓஎம்எம்யூவை ஆன் செய்து ரீபூட் செய்யுங்கள். பிறகு சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys) ஐஓஎம்எம்யூ குரூப்ஸ் ஃபோல்டர் காலியாக இருந்தால், வேறெதையும் தொடாமல் பயாஸுக்கே திரும்புங்கள்.

வைவாவில் மடக்கும் இடம் இந்த குரூப்தான்: ஐஓஎம்எம்யூவால் ஒன்றிலிருந்து ஒன்றைத் தனியாகப் பிரிக்க முடியாத டிவைஸ்களின் கூட்டம். உங்கள் கார்டோடு சாட்டா கன்ட்ரோலரும் அதே குரூப்பில் இருந்தால், கார்டை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது. காரணம் கேட்பார்கள். ஒரே பிசிஐ எக்ஸ்பிரஸ் சுவிட்சுக்குக் கீழே உள்ள இரண்டு டிவைஸ்கள், ஏசிஎஸ் (டிவைஸ்களுக்கு இடையே நேரடிப் போக்குவரத்தைத் தடுக்கும் வசதி) இல்லாவிட்டால், ஐஓஎம்எம்யூவின் கண்ணில் படாமலே தங்களுக்குள் டேட்டா மாற்றிக்கொள்ளலாம். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற கெர்னல் பேட்ச் குரூப்பைப் பிரித்துக் காட்டும். ஆனால் சுவர் எழும்பாது, கோடு மட்டும்தான். அதைத் தீர்வு என்று சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து டிரைவர். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே ஆப்ஷனோடு ஓட்டினால், கார்டுக்குக் கீழே எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி வரும். அங்கே விஎஃப்ஐஓ-பிசிஐ (விஎம்முக்குக் கொடுப்பதற்காகக் கார்டைப் பிடித்து வைக்கும் டிரைவர்) தெரிய வேண்டும். கார்டின் மாடல் ஐடியைக் கொடுத்துப் பிடிக்கும்போது ஒரு வில்லங்கம்: ஒரே மாடலில் இரண்டு கார்டு இருந்தால் இரண்டையும் பிடித்துவிடும், ஹோஸ்டின் நெட் போய்விடும். அப்போது 01:00.0 போன்ற முகவரியை வைத்து டிரைவர் ஓவர்ரைடு செய்யுங்கள். அது ரீபூட்டில் நிற்காது. நம் ஊர் மே மாத மதியத்தில் கரண்ட் போய் வந்தால் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு சின்ன ஸ்கிரிப்டாக வைத்துக்கொள்வது நல்லது.

ரேமில் தாராளம் வேண்டாம். 8 ஜிபி மெஷினில் 6 கொடுத்தால், விஎம் கிளம்பும்போதே அந்த 6-ம் பூட்டப்பட்டுவிடும். கார்டு எந்த இடத்தில் எப்போது எழுதும் என்று கெர்னலுக்குத் தெரியாததால் ஸ்வாப்புக்குத் தள்ள முடியாது; ஹோஸ்ட் திணறும். 4 கொடுங்கள்.