எங்கள் வீட்டில் ஒழுக்கம் அதிகம்

பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஐயா தவறிவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது மெல்பர்னில் விடிந்தும் விடியாத நேரம். இரங்கல் சொல்லி இரண்டு வரி போட்டேன். அடுத்த நிமிடமே மலேசியாவில், பட்டர்வொர்த்திலிருந்து ஒருவன் எழுதினான்: "டேய் ஒழுக்கு, நீ இன்னும் இருக்கியா?" இத்தனை வருடமாகியும் அந்தப் பெயர் காயவில்லை. பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு செயலாளர் மூன்று முறை அழைத்துவிட்டார். இதைவிட்டால் எனக்கு எழுத வேறு என்ன இருக்கிறது?

1977, ஐந்தாம் வகுப்பு. பள்ளிச் சபைகூடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமரத்து எறும்பு காலில் ஏற ஏற ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகளை ஒப்புவித்த கூட்டம்தானே நாம். ஐந்தாவது கோட்பாடான "நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல்" வந்ததும் எல்லார் குரலும் தானாக ஓங்கும். பக்தியெல்லாம் இல்லை, அதோடு முடிகிறதே என்ற சந்தோஷம். அன்று முதல் பாடம் வாக்கியம் அமைத்தல். கரும்பலகையில் ஐந்து சொற்கள். நான்காவது, ஒழுக்கம்.

முந்தின இரவு நல்ல மழை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. தகரக் கூரையில் ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகியது. அம்மா மைலோ டின், சோற்றுப் பானை, தம்பியின் குளியல் வாளி என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். டின்னில் விழுந்தால் ஒரு சத்தம், வாளியில் விழுந்தால் வேறு சத்தம். தலையணையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு சொட்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தது. ஆகவே நான் எழுதினேன்: "மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒழுக்கம் அதிகம்." பழகு என்றால் பழக்கம், ஒழுகு என்றால் ஒழுக்கம். இலக்கணப் புலவரும் குறை சொல்ல முடியாத கணக்கு.

ஐயா அதை உரக்க வாசித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஏன்டா, மழை நின்னா ஒழுக்கமும் நின்னுடுமா உங்க வீட்டுல?" வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என்னை மட்டும் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். வீட்டை இழுத்துவிட்டார். வீட்டில் இருந்தது அம்மா. ஒழுக்கம் என்ற சொல் நம் ஆட்கள் வாயில் பெண்களை நோக்கித்தான் நீளும் என்பது பதினொரு வயதிலேயே எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஓய்வு வேளைக்குள் சிற்றுண்டிச்சாலை முழுக்க எனக்குப் புதுப் பெயர்.

அடுத்த வாரம் திருக்குறள். அதிகாரம் 14, ஒழுக்கமுடைமை. வேண்டுமென்றே எடுத்தாரா, தெரியாது. 139ஆம் குறள் வந்தது.

"ஒழுக்க முடையவர்க்கு ஒல்லாவே தீய
வழுக்கியும் வாயாற் சொலல்."

ஒழுக்கம் உள்ளவன் வாயில் தவறிக்கூடத் தீய சொல் வராது என்று பொருள் சொன்னார். நான் தலையைத் தூக்கி அவரையே பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்தார். பிறகு 140, "உலகத்தோடு ஒட்ட ஒழுகல்". ஒழுகல் என்றதும் பின்வரிசையில் கிளுகிளுப்பு. ஐயா சுண்ணக்கட்டியை எடுத்து 'ஒழுகு' என்று பெரிதாக எழுதி, அதன் கீழ் ஒழுக்கு, ஒழுக்கம் என்று கிளை பிரித்தார். "தண்ணி ஒழுகுறதும் மனுஷன் ஒழுகுறதும் ஒரே வினைதான். ஓடைத் தண்ணி தடம் புடிச்சு ஓடுதில்ல, அந்த மாதிரி நடக்குறதுதான் ஒழுக்கம். எறும்பு சாரையா போனாலும் எறும்பொழுக்குன்னு பேரு." என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் காலத்து வாத்தியார்கள் மன்னிப்புக் கேட்க ஒரு சுண்ணக்கட்டி போதும் என்று நினைத்தார்கள். எனக்குப் போதவில்லை.

எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு நன்னெறிக் கல்வி தனிப் பாடமே ஆகிவிட்டது. என் அக்காள் மகள் நெறிகளை வரிசை பிசகாமல் மனப்பாடம் செய்து, ஒன்று விட்டுப்போனதற்கு அழுதாள். பிரம்போடு திரிபவருக்குக் கட்டொழுங்கு ஆசிரியர் என்று பெயர். பழைய அக இலக்கணத்திலோ, பெற்றோருக்குத் தெரியாமல் நடக்கும் காதலும் களவொழுக்கம்தான். சொல்லுக்கு அப்போது பிரம்பு வாசனை இல்லை. இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது அந்தக் கரும்பலகைதான் என்பதை எங்கே ஒப்புக்கொள்வது? என் மகளுக்கு நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் இது. அதுவும் குளியலறைக் குழாய் ஒழுகியபோது.

பினாங்குப் பாலம் திறந்த 1985இல் நான் கிளம்பினேன். ஊரில் எல்லாரும் பாலத்தைப் பார்க்கப் போனார்கள், நான் விமானம் ஏறினேன். ஐயாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

2009இல் தைப்பூசத்துக்குப் பினாங்கு போயிருந்தேன். மார்க்கெட் ஸ்திரீட் பூக்கடை ஓரம் ஐயா வந்துகொண்டிருந்தார். அதே வெள்ளைச் சட்டை, ஆள் பாதியாகியிருந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது, தயிராக இருக்கும். அவர் கவனிக்கவில்லை. "ஐயா, பை ஒழுகுது" என்று சொல்லியிருந்தாலே போதும், பேச்சு தானாக வந்திருக்கும்.

நான் எதிர்ப்பக்கம் கடந்துபோய் ஒரு துணிக்கடை வாசலில் வேட்டி விலை கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாகப் பினாங்கு ஸ்திரீட் பக்கம் திரும்பினார். நான் வெளியே வந்தபோது கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் வெள்ளைச் சொட்டுகள் மூலைவரை போயிருந்தன.