மந்தம் வந்தால் விலை ஏறுமா, இறங்குமா?

பொருளாதார மந்தம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே இரண்டு கோஷ்டிகளும் கூடவே கிளம்பிவிடுகின்றன. ஒன்று, "அரசாங்கம் நோட்டடித்துத் தள்ளும், கையில் இருப்பதெல்லாம் செல்லாக்காசாகும், தங்கத்தை வாங்கிப் போடு" என்கிறது. மற்றது, "யார் கையிலும் காசு இருக்காது, வீடு நிலமெல்லாம் அடிமாட்டு விலைக்கு வரும், பணத்தை வைத்துக்கொண்டு காத்திரு" என்கிறது. முதல் கோஷ்டிக்கு உதாரணம் நோட்டடித்தே பணம் செல்லாக்காசான 1923 ஜெர்மனி, இரண்டாவதற்கு விலையெல்லாம் விழுந்த 1930களின் அமெரிக்கா. இரண்டு உதாரணமும் உண்மைதான். ஆனால் மந்தம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விலைவாசி எந்தப் பக்கம் போகும் என்று ஜோசியம் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அர்ஜென்டினா. அங்கே ஒரே மந்தத்துக்குள் இரண்டும் நடந்தன. 1991இலிருந்து ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 1998க்குப் பிறகு பொருளாதாரம் சுருங்கத் தொடங்கியது, நாணயத்தின் மதிப்பைக் குறைக்க வழியில்லை, ஆகவே சம்பளமும் விலையும்தான் இறங்கியாக வேண்டியிருந்தது, 1999 முதல் 2001 வரை ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவுக்கு விலைவாசி இறங்கிக்கொண்டே வந்தது. பயந்துபோன மக்கள் டெபாசிட்டை எடுக்க ஓடினார்கள். 2001 டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அடுத்த மாதமே ஒன்றுக்கு ஒன்று என்ற சட்டம் காலி. சில மாதங்களில் ஒரு டாலர் வாங்க நான்கு பெசோ கொடுக்கும் நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 2002இல் பொருளாதாரம் சுமார் 11 சதவீதம் சுருங்கியது, அதே ஆண்டில் விலைவாசி சுமார் 40 சதவீதம் ஏறியது.

இதில் என்னை யோசிக்க வைப்பது அந்த 40தான். நாணயம் முக்கால்வாசி மதிப்பை இழந்திருக்கிறது, கணக்குப்படி கடை விலை நான்கு மடங்கு ஆகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை. மொத்த விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது, சில்லறை விலை அந்த அளவுக்குப் போகவில்லை. உழைக்கத் தயாராக இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையில்லை, வாங்க ஆளில்லாதபோது கடைக்காரர் எவ்வளவுதான் ஏற்ற முடியும்? போதாததற்கு மின்சாரம், எரிவாயுக் கட்டணங்களை அரசு ஏற்றவிடாமல் பிடித்து வைத்தது. அதாவது விலையை, ஏறிய டாலர் மேலே இழுத்தது, காலியான பாக்கெட் கீழே இழுத்தது. எல்லா மந்தத்திலும் இந்த இரண்டு இழுப்பும் இருக்கும். எது ஜெயிக்கும் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

1930களின் அமெரிக்காவில் கீழ் இழுப்பு ஜெயித்தது. 1930க்கும் 1933க்கும் இடையில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன, அதோடு மக்களின் சேமிப்பும் போனது, விலைவாசி நான்கு ஆண்டுகளில் கிட்டத்தட்ட கால்வாசி இறங்கியது. விலை இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். கடன் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கோதுமை பாதி விலைக்கும் கீழே போனபோது, நிலத்தை அடகு வைத்த விவசாயியின் கடன் தொகை ஒரு டாலர்கூடக் குறையவில்லை, அதே தவணையைக் கட்ட இரண்டு மடங்குக்கு மேல் விற்க வேண்டியிருந்தது, எல்லாரும் அப்படி விற்றதில் விலை இன்னும் விழுந்தது. இதை 1933இல் தெளிவாக எழுதி வைத்தவர் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் இர்விங் ஃபிஷர். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குச் சில நாட்கள் முன்புதான் பங்கு விலைகள் நிரந்தரமாக உயரத்தில் நிலைத்துவிட்டன என்று சொல்லி, தன் சொத்தையும் இழந்தவர் அவர்.

1973-74இல் கதை வேறு. கச்சா எண்ணெய் சில மாதங்களில் நான்கு மடங்கு ஆனது. ஆலைகள் முடங்கின, விலையும் ஏறியது. அங்கே குறைந்தது வாங்குகிற ஆள் அல்ல, சரக்கு, அவ்வளவுதான் விஷயம்.

நோட்டடித்தால் விலை ஏறும் என்பவர்கள் 2008 நிதி நெருக்கடியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க மத்திய வங்கி புதிதாகப் பணத்தை உருவாக்கிக் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்ததில், அதன் சொத்துக் கணக்கு சுமார் 90,000 கோடி டாலரிலிருந்து 2014க்குள் 4.5 லட்சம் கோடி டாலரானது. அப்போதே பலர் பணம் காகிதமாகப் போகிறது என்று அடித்துச் சொன்னார்கள். 2009இல் விலைவாசி லேசாக இறங்கியது, அதற்கடுத்த ஆண்டுகளில் விலை ஏற்றம் பெரும்பாலும் மத்திய வங்கியின் 2 சதவீத இலக்கைக்கூட எட்டவில்லை. அந்தப் பணம் பெரும்பாலும் வங்கிகளின் கணக்கிலேயே தூங்கியது, கடன் கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் மனசில்லை. 2020 கொரோனா காலத்தில் அப்படி இல்லை, அரசு நேராக மக்களின் கணக்கில் போட்டது, அதே நேரம் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் திணறின. ஆனாலும் முதலில் வந்தது இறக்கம்தான். 2020 ஏப்ரலில் எண்ணெய் எடுத்துக்கொள்பவருக்கே காசு கொடுக்கும் அளவுக்கு அமெரிக்க எண்ணெயின் வாயிதா விலை (பின்னால் எடுக்கப்போகும் சரக்குக்கு முன்பே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது, 2022 ஜூனில் அதே நாட்டில் பணவீக்கம் 9.1 சதவீதம். 2020இல் ஒரு கோஷ்டியும் 2022இல் இன்னொரு கோஷ்டியும் நாங்கள்தான் அப்போதே சொன்னோமே என்று மார்தட்டின.

அதற்குப் பிறகு, இனி எந்த மந்தம் வந்தாலும் விலை ஏறத்தான் செய்யும் என்று புதிதாக ஒரு பேச்சு. நான் இதை நம்பவில்லை. விலையை அடக்க வேண்டுமென்றே மந்தத்தை வரவழைப்பதும் உண்டு. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த பால் வோல்கர் 1981இல் வட்டியை 20 சதவீதம் வரை கொண்டுபோனார், அடுத்த ஆண்டுக் கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம், 1980இல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1983இல் மூன்று சொச்சம். ஆகவே அடுத்த மந்தம் வட்டி ஏற்றியதால் வந்ததென்றால், கடன் சொந்த நாணயத்தில் இருந்தால், விலை தணியும் என்ற பக்கம்தான் நான் பந்தயம் கட்டுவேன். டாலரில் கடன் வாங்கிவிட்டு டாலர் கையிருப்பு தீர்ந்துபோன நாடு என்றால் யோசிக்காமல் எதிர்ப்பக்கம்.