பழக்காரம்மா சொன்ன 'மிஹோ': டெலே பி1 கேட்டல் தாளில் நான் வழுக்கிய இடம்

டெலே என்கிற ஸ்பானிஷ் மொழித் தேர்வின் கேட்டல் தாளில் ஒரு உரையாடல். பழம் விற்கிற ஒரு அம்மாவும் ஒரு பையனும் பேசிக்கொள்கிறார்கள். இருவருக்கும் என்ன உறவு என்று கேள்வி. அந்த அம்மா மூச்சுக்கு மூச்சு 'மிஹோ' என்கிறார். 'மி இஹோ' என்றால் 'என் மகன்', அது தேய்ந்து 'மிஹோ' ஆனது என்று எனக்குத் தெரியும். தெரிந்த தெம்பில் 'தாயும் மகனும்' என்று குறித்துவிட்டேன். சரியான விடை: கடைக்காரரும் வாடிக்கையாளரும்.

நல்லவேளை, அது வீட்டில் போட்டுப் பார்த்த மாதிரித் தாள். நம் ஊர் பஸ்ஸில் "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்பதைத் தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் கேட்டால் எப்படி முழிப்பாரோ, அப்படித்தான் நானும் முழித்தேன். தம்பியும் இல்லை, அப்பாவும் இல்லை, யாரோ ஒரு பையன்.

ஸ்பெயினின் மொழி நிறுவனமான இன்ஸ்டிடூட்டோ செர்வாந்தெஸ் நடத்தும் டெலே தேர்வில் பி1 என்கிற இடைநிலை எழுதப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கேட்டல் 40 நிமிடம், ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை ஒலிக்கும். மதிப்பெண் போடும்போது கேட்டலும் பேச்சும் சேர்ந்து ஒரே குழு. 50க்கு 30 எடுத்தாக வேண்டும். எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் இங்கே குறைந்தால் கதை முடிந்தது. ஸ்பெயின் குரலும் வரும், லத்தீன் அமெரிக்கக் குரலும் வரும். பாடப்புத்தகம் கற்றுத்தராத அழைப்புச் சொற்கள் அங்கேதான் காலை வாரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கரீபியன் பக்கத்து வழக்கம். கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிகன் குடியரசிலும் நாலு வயதுப் பையனைப் பெற்ற தாயே 'பாப்பி' என்பாள், பெண்ணை 'மாமி' என்பாள். அதாவது அப்பா, அம்மா. (நம் ஊர் மாமியை நினைத்துச் சிரித்தால் அடுத்த இரண்டு வரி காதில் விழாது. எனக்கு விழவில்லை.) இதை விளக்க ஆசிரியை கரும்பலகையில் படமெல்லாம் போட ஆரம்பித்தார். எனக்குப் படமே தேவைப்படவில்லை. "ஏம்ப்பா அழறே", "சாப்பிடும்மா" என்று பிள்ளையை அப்பாவாகவும் அம்மாவாகவும் ஆக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு எச்சரிக்கை மட்டும்: இதே பாப்பியும் மாமியும் காதலர்களுக்கு நடுவிலும் ஓடும். யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்துக் குறியுங்கள்.

அடுத்த பள்ளம் 'உஸ்தெத்', அதாவது 'நீங்கள்'. அது மரியாதைக்கு, 'து' (நீ) நெருக்கத்துக்கு என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். என் ஆசிரியை கொலம்பியாவின் பொகோட்டாக்காரர். வகுப்பின் நடுவே தன் மகனைக் கூப்பிட்டார்: "பெங்கா, மிஹோ." அது உஸ்தெத் வடிவம், நம் பேச்சில் "வாங்க மகனே". கோபமா என்று கேட்டேன். இல்லையாம், அந்தப் பக்கம் வீட்டுப் பிள்ளைகளிடமும் உஸ்தெத் சாதாரணமாம். கோயமுத்தூர்ப் பக்கம் "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்று குழந்தையைக் கூப்பிடுவது உடனே நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு உஸ்தெத் காதில் விழுந்ததும் 'அறிமுகமில்லாதவர்கள்' என்று குறிக்கும் அவசரம் எனக்குப் போய்விட்டது.

ஸ்பெயினில் 'கரீஞ்ஞோ' (அன்பே), 'சியெலோ' (வானமே), ராஜா ராணி என்கிற 'ரெய்', 'ரெய்னா' எல்லாம் பிள்ளைகளுக்கு உண்டு. கனாரித் தீவுகளில் 'மி நீஞ்ஞோ', என் குழந்தை. வளர்ந்த ஆளையும் அப்படிக் கூப்பிடுவார்கள். அதே தீவுகளில் 'குவாகுவா' என்றால் பஸ், கியூபாவிலும் பஸ்தான். சிலேயிலும் ஈக்வடாரிலும் அது கைக்குழந்தை. இந்தக் குழந்தைச் சொல் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவிலிருந்து வந்தது. 'சிபோத்தே' ஹோண்டுராஸிலும் எல் சால்வடாரிலும் சின்னப் பையன். ஸ்பெயினில் அது கெட்ட வார்த்தை. வாயைத் திறக்காதீர்கள்.

இவற்றை அர்த்தப் பட்டியலாக மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்கினேன். பிறகு நோட்டில் கோடு போட்டு மூன்றே பத்தி: யார் சொன்னார், யாரிடம், எந்த ஊர். அர்த்தத்துக்குப் பத்தியே கிடையாது. ஒரு நாளைக்கு நேர்காணலோ சமையல் வீடியோவோ ஒன்று, அதில் இரண்டு சொல் போதும்.

காதுக்குத் தெரிந்தது எல்லாம் வாய்க்கு வரவேண்டியதில்லை. பேச்சுத் தேர்வின் நாலாவது பகுதி இரண்டு மூன்று நிமிட நடிப்பு உரையாடல். ஒத்திகையில் உற்சாகத்தில் ஐம்பது வயது ஆசிரியையை 'மிஹா' (என் மகளே) என்றுவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மாணவன் ஆசிரியையைப் பார்த்து "வாடி கண்ணு" என்றால் எப்படி இருக்கும்? பெரும்பாலும் பெரியவர்கள் சிறியவர்களிடம் சொல்லும் சொல் அது. தேர்வாளரிடம் உஸ்தெத்தோடு ஆரம்பியுங்கள். கொடுத்த சூழலில் அவர் உங்கள் நண்பர் என்று இருந்தால் மட்டும் 'து'.

எழுத்தில் செல்லச் சொல் தேவையே இல்லை. முதல் பகுதி 100 முதல் 120 சொல்லுக்குள் ஒரு பதில் கடிதம். 'கெரீதா ஆனா' (அன்புள்ள ஆனா) என்று பெயரோடு தொடங்கினால் போதும். ஆனால் அந்த அழைப்புக்குப் பின்னால் காற்புள்ளி போடாதீர்கள். ஸ்பானிஷ் கடிதத்தில் அங்கே முக்காற்புள்ளி (:). 'ஓலா' (வணக்கம்) என்று தொடங்கினால் ஓலாவுக்கும் பெயருக்கும் நடுவில்தான் காற்புள்ளி, பெயருக்குப் பிறகு அதே முக்காற்புள்ளி. என் ஒத்திகைக் கடிதங்கள் அத்தனையிலும் இந்த இடத்தில் சிவப்பு வட்டம் இருக்கிறது.