உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை எப்படிப் படித்தேன்

சிவில் ஜட்ஜ் தேர்வுக்குத் தயாராகும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, லேட்டஸ்ட் ஜட்ஜ்மெண்ட் லிஸ்ட் இருக்கா?" என்பதுதான். லிஸ்ட் எல்லாரிடமும் இருக்கிறது. தீர்ப்புக்கு ஒரு வரி என்று நாலைந்து பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு வரியில்தான் வினையே. "பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு: வினிதா சர்மா, 2020" என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறவரிடம், 2003-ல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தை வைத்து ஒரு வழக்கைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மகள் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டு வருவார்.

லிஸ்டை நான் தூக்கி எறியவில்லை. எதைப் படிப்பது என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். எப்படிப் படிப்பது என்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கட்டளை 41 விதி 31-ஐ எடுத்துப் பாருங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பில் தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள், அவற்றின் மீதான முடிவு, முடிவுக்கான காரணங்கள், கீழ்க் கோர்ட் தீர்ப்பை மாற்றினால் மேல்முறையீட்டாளருக்குக் கிடைக்கும் பரிகாரம் ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. அது முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கான விதிதான். உச்ச நீதிமன்றம் அந்த வரிசையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் குறிப்பெடுக்க அதைவிட நல்ல சட்டகம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த நான்கோடு நானாக இரண்டு சேர்த்துக்கொண்டேன். ஒன்று, இதற்கு முன் நிலை என்ன, அதைச் சொன்னது எத்தனை நீதிபதி அமர்வு? இரண்டு, இந்தத் தீர்ப்பில் முக்கியமான தேதி எது?

தேதி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வினிதா சர்மா தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அந்த ஆண்டு செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்தது. அன்றைக்குத் தகப்பனார் உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015-ல் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் இரு நீதிபதி அமர்வு சொன்னது. 2018-ல் தனம்மா வழக்கில், அதற்கு முன்பே தகப்பனார் காலமாகியிருந்தும், இன்னொரு இரு நீதிபதி அமர்வு மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. இந்த முரணைத் தீர்க்கத்தான் 2020 ஆகஸ்ட் 11-ல் மூன்று நீதிபதி அமர்வின் தீர்ப்பு வந்தது. பங்குரிமை பிறப்பால் வருவது, எனவே தகப்பனார் அன்று உயிரோடு இருந்தாரா என்பது கேள்வியே இல்லை என்று அது சொன்னது. இவ்வளவும் லிஸ்டில் இருக்கும். இல்லாதது, 2004 டிசம்பர் 20. அந்தத் தேதிக்கு முன் நடந்த விற்பனை, உயில், பதிவான பாகப்பிரிவினை எதையும் திருத்தம் தொடாது. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்று பிரதிவாதி சொன்னால் பொது ஆவணங்களின் ஆதரவு இல்லாமல் ஏற்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில்தான் வருகிறது. 2003 பத்திரம் கேள்வியில் வருவது இதற்காகத்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தேதி, 1989 மார்ச் 25. நம் மாநிலத் திருத்தம் அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பங்கு தரவில்லை. 2005 திருத்தத்தில் அந்தப் பாகுபாடு கிடையாது.

இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் படித்தால் வாரிசுரிமைப் பகுதி கிட்டத்தட்ட முடிந்துவிடும். 2022 ஜனவரியில் வந்த அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி, நம்மூரிலிருந்து போன வழக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்கு முன் உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயார்ஜித (தானே சம்பாதித்த) சொத்து மகளுக்கு வாரிசுரிமையாகப் போகுமா என்பது அதில் கேள்வி. போகும் என்பது பதில். 2023 செப்டம்பர் 1-ல் வந்த ரேவணசித்தப்பா வழக்கு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பங்கில் அவர்களுக்கும் உரிமை உண்டு, ஆனால் அவர்கள் பிறப்பால் பங்குரிமையாளர்கள் ஆகமாட்டார்கள். இந்த "ஆனால்" விடைத்தாளில் இருக்கிறதா என்றுதான் திருத்துபவர் பார்ப்பார்.

சொத்துச் சட்டத்தில் நான் அதிக நேரம் கொடுத்தது கே. கோபி எதிர் சார்பதிவாளர், 2025 ஏப்ரல் 7. தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று இருந்தது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றைக் காட்டினால்தான் கிரயப் பத்திரம் பதிவாகும் என்பது அதன் சாரம். பத்திரம் தொலைந்தவர்கள் போலீஸ் சான்றுக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் அலைந்த கதை இங்கே எந்த வக்கீலைக் கேட்டாலும் கிடைக்கும். அந்த விதி 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை மூலம் இருக்கிறதா என்று பார்ப்பது சார்பதிவாளர் வேலை இல்லை. நடைமுறை சரியாக இருந்து, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டியிருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்றது. லிஸ்டில் படிப்பவர்கள் இதிலிருந்து "பதிவானால் உரிமை வந்துவிடும்" என்று தாவிவிடுகிறார்கள். தீர்ப்பு சொன்னது நேர் எதிரானது. இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்காது. எழுதிக்கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லையென்றால் வாங்கியவருக்கும் ஒன்றும் போகாது. உரிமை யாருக்கு என்பதை உரிமையியல் நீதிமன்றம் தீர்மானிக்கும். இதோடு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவை ரத்து செய்ததையும் சேர்த்துப் படியுங்கள். போலிப் பத்திரம் என்று மாவட்டப் பதிவாளரே பதிவை ரத்து செய்யும் அதிகாரத்தைத் தந்த பிரிவு அது. இரண்டிலும் ஓடும் கேள்வி ஒன்றே: உரிமை மூலத்தைப் பதிவுத்துறை விசாரிக்கலாமா, கோர்ட்தான் விசாரிக்க வேண்டுமா?

எதிரிடை அனுபவத்துக்கு, அதாவது இன்னொருவர் சொத்தை அவருக்கு எதிராக நீண்ட காலம் அனுபவித்து உரிமை கோருவதற்கு, 2019-ல் வந்த ரவீந்தர் கவுர் கிரேவால் போதும். பன்னிரண்டு ஆண்டு எதிரிடையாக அனுபவித்தவர் அதைப் பிரதிவாதியாக மட்டுமல்ல, வாதியாக வழக்குப் போட்டும் சொல்லலாம். பிரதிவாதி மட்டுமே சொல்லலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014 நிலை. அதை இது மாற்றியது.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடுவது: தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா? 2022 ஆகஸ்டில் கணபதி டீல்காம் வழக்கில் பினாமிச் சட்டத்தின் சில பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கோச்சிங் நோட்ஸில் எல்லாம் ஏறியது. 2024 அக்டோபரில் மறுசீராய்வில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பிரிவுகளின் செல்லுபடி குறித்து வாதமே நடக்காமல் அந்த முடிவுக்கு வந்திருந்தது காரணம். முத்திரை ஒட்டாத ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறை நடுவரிடம் விடும் ஷரத்து) செல்லாது என்று 2023 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் 3:2 என்று சொன்னதை, அதே ஆண்டு டிசம்பர் 13-ல் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக மாற்றினார்கள். பூஷன் பவர் நிறுவனத்தைக் கலைக்கச் சொன்ன 2025 மே 2 தீர்ப்பு ஜூலை 31-ல் திரும்பப் பெறப்பட்டு, செப்டம்பரில் அதை எடுத்து நடத்தும் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்தின் திட்டம் ஏற்கப்பட்டது. வேலை தொடங்கிய பிறகு சுற்றுச்சூழல் அனுமதி தரக்கூடாது என்ற 2025 மே மாத வனசக்தி தீர்ப்பும் நவம்பரில் 2:1 என்று திரும்பப் பெறப்பட்டது. ஆறு மாதப் பழைய நோட்ஸை நம்பிப் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்நிலைத் தேர்வுக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் படிக்காமல், குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு தீர்ப்பும் நிற்கிறதா என்று சரிபார்ப்பதற்கு மட்டும் ஒதுக்கினேன்.

ஒழுங்குமுறைச் சட்டம் பக்கம் நான் ஆழமாகப் போகவில்லை. இந்தத் தேர்வுக்கு அது தேவையும் இல்லை என்பது என் கணிப்பு. அரசியலமைப்புக் கேள்விக்காக ஒன்பது நீதிபதி அமர்வுகள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், மூன்றும் 2024. கனிமத்துக்கான ராயல்டி வரி அல்ல என்ற ஜூலை 25 தீர்ப்பு, 8:1. இது 1989-ன் இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பை மாற்றியது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். கனிமத்தின் மீது மாநிலங்கள் போடும் வரியின் பழைய பாக்கியை 2005 ஏப்ரல் 1 முதல் வசூலிக்கலாம் என்று ஆகஸ்டில் தனி உத்தரவு வந்தது. இங்கேயும் ஒரு தேதி, பாருங்கள். தொழிற்சாலை ஆல்கஹாலும் மாநிலப் பட்டியலில் சொல்லும் போதை தரும் மதுவுக்குள் அடங்கும் என்ற அக்டோபர் 23 தீர்ப்பு, அதுவும் 8:1. தனியார் சொத்து எல்லாமே அரசியலமைப்பின் 39(பி) சொல்லும் சமூகத்தின் பொருள் வளம் ஆகிவிடாது என்ற நவம்பர் 5 தீர்ப்பு. நூற்றுக்கணக்கான பக்கம் வரும் இவற்றை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அமர்வுக்கு அனுப்பப்பட்ட கேள்விகள், கடைசியில் வரும் முடிவுரைப் பத்திகள், பிறகு மாறுபட்ட தீர்ப்பு. முதல் இரண்டிலும் மாறுபட்டவர் நீதிபதி நாகரத்னா. பெரும்பான்மை எங்கே வளைகிறது என்பது அவர் எழுதியதைப் படித்தால்தான் பிடிபடும்.

நடைமுறைச் சட்டத்தில் கேள்வியாகும் வாய்ப்புள்ளது 2022 ஆகஸ்டின் பாட்டீல் ஆட்டோமேஷன். வணிக நீதிமன்றச் சட்டம் 12-ஏ சொல்லும் வழக்குக்கு முந்தைய சமரசம் கட்டாயம். அதைச் செய்யாமல் வந்தால் கட்டளை 7 விதி 11-ல் பிராது நிராகரிக்கப்படும். 2022 ஆகஸ்ட் 20 முதல் இது பொருந்தும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் விலக்கு உண்டு. அந்த விலக்குக்காகவே ஒப்புக்கு ஒரு இடைக்கால மனு போட்டால் கோர்ட் அதைப் பார்க்கலாம் என்று 2023-ல் யாமினி மனோகர் வழக்கு சொன்னது. இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கக்கூடாது.

இரண்டாம் மேல்முறையீட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்குகளைப் படிக்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 100-ன் கீழ், கணிசமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் உயர் நீதிமன்றம் தலையிட முடியும். 2001-ன் சந்தோஷ் ஹசாரி இதற்கு அடிப்படை. பல வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொத்து யாருக்கு என்று தானாக முடிவு செய்வதில்லை. சாட்சியத்தை மறுபடி அலசி உயர் நீதிமன்றம் எல்லை மீறிவிட்டது என்று சொல்லி, கீழ்க் கோர்ட்டின் முடிவை நிலைநிறுத்தும். அதை "உயில் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது" என்று எழுதினால் தவறு. உயில் பற்றி அது சட்டமாக எதுவும் சொல்லியிருக்காது.

தீர்ப்பு எழுதும் தாளில் இவற்றை எங்கே வைப்பது? எழுவினாவுக்கு (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைக்கு) கீழே, சாட்சியத்தை அலசிய பிறகு, ஒரே வாக்கியத்தில். வழக்கின் பெயர் மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள். சட்டநிலையைச் சரியாகச் சொல்வதே முக்கியம். பெயரைத் தப்பாக எழுதுவதைவிட "மூன்று நீதிபதி அமர்வின் தீர்ப்பின்படி" என்பது எவ்வளவோ மேல். அந்தத் தீர்ப்பு வாதியின் ஆவணம் எதற்குப் பொருந்துகிறது என்பதை உடனே அடுத்த வாக்கியத்தில் இணைத்துவிட வேண்டும். "வா.சா.ஆ.3 பாகப்பிரிவினைப் பத்திரம் 14.06.2003-ல் பதிவாகியுள்ளது, எனவே 20.12.2004-க்கு முந்தைய இந்தப் பாகப்பிரிவினையை 2005 திருத்தம் பாதிக்காது" என்கிற மாதிரி (வா.சா.ஆ. என்பது வாதி தரப்புச் சான்றாவணம்).

படிக்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பறிக்கை இ.எஸ்.சி.ஆர். தளத்தில் 2023 முதல் இலவசம். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. சட்ட மேற்கோளுக்கு ஆங்கில மூலத்தையே பாருங்கள். தமிழ் வடிவத்தை மொழிபெயர்ப்புத் தாளுக்குப் பயன்படுத்துங்கள்: முடிவுரைப் பத்தி ஒன்றை நீங்களே தமிழில் எழுதிவிட்டு, பிறகு தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் உங்களுடையதே நன்றாக இருக்கும்.