40கள்ல வரவேண்டிய மறதி, ஒரு அம்மாவுக்கு வரல

பாட்டிக்கு அல்சைமர் வந்ததுல இருந்து எங்க வீட்ல யாரு சாவியைத் தொலைச்சாலும் "உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா"ன்னு ஒரு கிண்டல், சிரிச்சுட்டாலும் உள்ளுக்குள்ள பயம் இருக்கத்தான் செய்யுது. அந்தப் பயத்துல நோண்டும்போது சிக்கினதுதான் இந்தக் கொலம்பியா கதை.

அங்க ஆன்டியோக்கியா மலைப்பக்கம் ஒரு பெரிய சொந்தபந்தம், சுமார் 6000 பேரு, அதுல நிறைய பேருக்கு பிரெசெனிலின் 1ங்கிற ஜீன்ல ஒரே ஒரு எழுத்துப்பிழை, அது இருந்தா 44 வயசு வாக்குல மறதி ஆரம்பிச்சு 50க்குள்ள புத்தி தடுமாறிடும். அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே பிள்ளைக்கு பாதிக்குப் பாதி சான்ஸ். டாக்டர் பிரான்சிஸ்கோ லோபேரா 1980கள்ல இருந்து இவங்க பின்னாடியே அலைஞ்சிருக்காரு, என்ன பொறுமை பாருங்க!

இதுல ஒரு அம்மா அதே பிழையோட 70 வயசு வரைக்கும் தெளிவா இருந்திருக்காங்க. அல்சைமர்ல மூளையில ரெண்டு புரதம் தேங்கும், அமிலாய்டு, டாவ்னு. இவங்க மூளையில அமிலாய்டு குப்பையா கிடந்துச்சு, ஆனா டாவ் ரொம்ப கம்மி. காரணமா சொல்றது, ஏபிஓஈ-ங்கிற இன்னொரு ஜீன்ல 'கிறைஸ்ட்சர்ச்'னு ஒரு அபூர்வ மாற்றம், அதுவும் அப்பா வழி ஒண்ணு அம்மா வழி ஒண்ணுன்னு ரெண்டு காப்பி. 2019ல இதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு.

அதே ஏபிஓஈ-ல 4ங்கிற வகைதான் நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு ரிஸ்க்கை ஏத்துறது, ஆனா அது இருந்தும் நோய் வராதவங்க உண்டு, இல்லாமலே வந்தவங்களும் உண்டு. பாட்டிக்கு வந்தது 81ல. அண்ணன் எச்சில்ல ஜீன் பார்க்குற டெஸ்ட் கிட் வாங்கலாமாங்கிறான், எனக்கு வேணாம்பான்னுட்டேன்.