"நான் நல்லா இருக்கேன்"னு சொல்லிச் சொல்லியே

என் ஃப்ரெண்ட் ஒருத்தி, யாருக்கு என்ன பிரச்சனைன்னாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும், அர்த்த ராத்திரியிலயும் எடுத்துப் பேசுவா, ஆனா அவளுக்கு ஒண்ணுன்னா நமக்கு ரொம்ப நாள் கழிச்சு வேற யாராவது சொல்லித்தான் தெரியும். ஒரு தடவை என் பக்கத்துல உக்காந்து "இன்னைக்கு மனசே சரியில்ல"ன்னு டைப் பண்ணா, கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தா, அப்புறம் அழிச்சிட்டு ஒரு ஸ்மைலிய அனுப்பிட்டு போனைக் கவுத்து வச்சிட்டா. அந்தப் பக்கம் இருந்தவர் அவமேல உயிரையே வச்சிருக்கிறவர்.

இப்படி எத்தனை பொண்ணுங்க! ராபர்ட் வைஸ்ங்கிற சமூகவியலாளர் 1973லயே தனிமைய ரெண்டாப் பிரிச்சுச் சொன்னார், பழக நாலு பேர் இல்லாத தனிமை ஒண்ணு, மனசு ஒட்டிக்க ஒருத்தர் இல்லாத தனிமை இன்னொண்ணு, முதல்ல சொன்னதுக்குக் கிடைக்கிற ஆளுங்களால ரெண்டாவது தீராதுன்னு. அதான் வீடு நிறைய ஆள் இருந்தும் அவளுக்குள்ள அப்படி ஒரு வெறுமை.

சின்னதுலயே ஆரம்பிச்சிடுது. அழுதா "இதுக்குப் போயா", கோவப்பட்டா "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ ஆகாது", வாய் மூடிட்டா "எவ்ளோ பொறுமை பாரு". கேட்டா கிடைக்காதுன்னு புரிஞ்சதும் கேக்குறதையே விட்டுடுறா, நாமளும் அதுக்கு தைரியசாலின்னு பட்டம் குடுத்துடுறோம், எனக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டாலே வயிறு எரியுது.

இதுல கொடுமை என்னன்னா தனிமை நீடிக்க நீடிக்க மனசு எப்பவும் உஷாராவே இருக்கப் பழகிடும், ஜான் கசியோப்போங்கிற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னது இது. ஒருத்தர் ரிப்ளை பண்ண லேட்டானா "சலிச்சுப் போச்சு போல", அன்பாப் பேசினா "என்ன காரியம் ஆகணுமோ". அடி படக்கூடாதுன்னு ஒதுங்கினவ, அன்பு வந்தாலும் அதையே பண்றா. வந்தவரும் இவளுக்கு நான் தேவையில்லன்னு நினைச்சு விலகிடுறார், "பாத்தியா, எனக்குத் தெரியும்"னு அவளும் இன்னும் இறுக்கிக்கிறா. காதல் மட்டும் இல்ல, போகணும்னு ஆசைப்பட்ட ஊரு, கத்துக்கணும்னு நினைச்ச பாட்டு, எல்லாமே அப்புறம் அப்புறம்னு தள்ளிப் போயிடுது.

ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்ட வேண்டியதில்லங்க. ஆர்தர் ஆரன்ங்கிற உளவியலாளர் 1997ல வெளியிட்ட ஆய்வுல முன்பின் தெரியாதவங்கள ஜோடியா உக்கார வச்சு, லேசான கேள்வியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஆழமான கேள்விகளுக்கு மாறி மாறி பதில் சொல்ல வச்சார், 45 நிமிஷத்துலயே அவங்க, சும்மா பேசிட்டு இருந்த ஜோடிங்கள விட நெருக்கமா உணர்ந்தாங்க. சின்னதா ஒண்ணு சொல்லிப் பாருங்க, "இன்னைக்கு அந்தப் பேச்சு எனக்கு வலிச்சுது" அவ்ளோதான். கேலி பண்ணினாங்கன்னா அவங்ககிட்ட அதோட நிறுத்திக்கோங்க. காது குடுத்துக் கேட்டாங்கன்னா அடுத்த தடவை இன்னொண்ணு சொல்லுங்க.